பச்சைச் சரி

ஆர்மர் வீதியில் எங்கள் அச்சகம்
எட்டரைக்குத் திறக்கும்.
கணினி திறக்க ஒன்பதாகும்.

பொத்தானை அமத்திவிட்டு
பிளேன்டீக்குத் தண்ணீர் வைப்பேன்.
அதற்குள் வந்துவிடுவார்கள்
கதவு தட்டாமல், ஒவ்வொருவராக.
முதலில், கூட்டித் துப்புரவாக்கித் தருகிறேன் என்பவன்:
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பிழை கண்டேன் என்பான்.
நேற்றும் அதே ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
பிறகு வானிலை.
இங்கே தகரக் கூரையில் மழை அறைந்துகொண்டிருக்க
எங்கேயோ ஓர் ஊரில் பனி கொட்டுகிறதென்று
மூலையில் ஒரு சின்ன முகில்.
யாரும் கேட்காத கழிவுச் சீட்டுகளோடு ஒருத்தி.
கடைசியில், மணிச்சத்தத்துடன்,
‘ஜெரோஷன் இணைந்துள்ளார்.’

ஜெரோஷன் டோஹா போய் மூன்று வருடம்.
எனக்கு முன் இந்தக் கதிரையில் இருந்தவன்.
அவனுடைய அரட்டைப் பெட்டி மட்டும்
லீவு எடுக்காமல் வேலைக்கு வருகிறது.

இவ்வளவுக்கும் வாசலில் காவல் உண்டு.
பம்பலப்பிட்டியில் வாங்கியது, வருடத்துக்கு நாலாயிரத்து ஐந்நூறு.
மர்சூக் முதலாளி பில்லை இன்னும்
மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறார்.
ஒரு கேடயம், அதில் பச்சைச் சரி.
‘எல்லாம் நலம்’ என்கிறது,
ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு
வீட்டுக்குப் போன் எடுப்பவன் மாதிரி.

தடு என்றேன். சரி என்றது.
நிறுத்தித் திரும்பப் போட்டேன்.
வந்தார்கள்.
பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாய் எடுத்தேன்
அரிசியில் கல் பொறுக்குவதுபோல.
விடிந்தால் எல்லாக் கல்லும் அரிசிக்குள்ளே.

ஒரு செவ்வாய்க்கிழமைதான் காவல் கண் விழித்தது.
கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர் வந்திருந்தார்,
தகப்பனின் முப்பத்தோராம் நாள் கல்வெட்டு,
நூற்றைம்பது பிரதி, வெள்ளிக்குள்.
‘அன்னாரின்’ என்று தொடங்கப் போனேன்.
சிவப்புப் பெட்டி எழுந்தது:
சந்தேகத்துக்கிடமான நிரல், தனிமைப்படுத்தப்பட்டது.
எதை என்று பார்த்தேன்.
என் தமிழ் விசைப்பலகையை.

நான் அழுத்தும் விசைகளை ஒளிந்திருந்து கவனிக்கிறதாம்.
கவனிக்காமல் எப்படி ஐயா ‘க’ வரும்?

சிரிப்பு வந்தது. சாவு வீட்டுக்காரர் முன்னால் சிரிக்க முடியவில்லை.
வெள்ளவத்தைப் பாலத்தடியில்
ஏ.எல். படிக்கிற காலத்தில்
என் அடையாள அட்டையை முன்னும் பின்னும் திருப்பி
பிறந்த இடத்தில் விரல் வைத்து நின்றவன்
நினைவுக்கு வந்தான்.
அவன் வாசித்து முடிக்குமட்டும்
எத்தனை வாகனம் எங்களைக் கடந்து போனதென்று
அன்றைக்கும் எண்ணிக்கொண்டுதான் நின்றேன்.
முப்பத்தேழு.

பின்னேரம் திலங்க வந்தான், பையும் ஈர ஹெல்மெட்டுமாக.
“இது என்ன அக்கா?”
எழுத்து, என்றேன்.
“வைரஸ் இல்லையா?”
இல்லைத் தம்பி. எழுத்து.
விதிவிலக்குப் பட்டியலில் அதைச் சேர்த்தான்.
மற்றவர்களைக் கேட்டேன்.
“அதுகள் கிடக்கட்டும். பழகிவிடும்.”

வேலை செய்கிறதா பார்ப்போமென்று
திரையில் மேலே கிடந்த பெட்டியில்
ஒரேயொரு ‘அ’ அடித்தேன்.
பழக்கதோஷம், என்டரையும் தட்டினேன்.
மேலே கிடந்தது ஜெரோஷனுடையது.

கல்வெட்டின் மூன்றாம் பக்கத்தில்,
மருமக்கள் பெயர்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கையில்,
மணி அடித்தது.
நிலக்‌ஷி என்று ஒருத்தி:
‘ஜெரோ? நீயா?’
பிறகு கொஞ்ச நேரம் மூன்று புள்ளிகள்.
பிறகு,
‘அம்மா போய்ட்டா. உனக்குத் தெரியுமா?’

கையை எடுத்துவிட்டேன்.
அவன் பெயரோடு, அவன் கதிரையில்,
அழைக்காமல் நுழைந்தவள் நான்.
காவலைப் பார்த்தேன்.
பச்சைச் சரி.